பாடம் நடத்த நேரமில்லாத தலைமையாசிரியர்

அரசுப் பள்ளியில் எது நடந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர். ஆனால் எதையும் தானாக முடிவெடுத்துச் செய்ய முடியாதவரும் அவர்தான்.

ஈராசிரியர் பள்ளி என்ற சொல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் எல்லோருக்கும் பழக்கம். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஐந்து வகுப்புகள், இரண்டே ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமையாசிரியர். முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்து உட்காரவைத்து ஒருவர் 'எண்ணும் எழுத்தும்' திட்டப்படி பாடம் நடத்துவார். நான்கும் ஐந்தும் மற்றவருக்கு. வட்டார வள மையத்தில் கூட்டம் என்று தலைமையாசிரியர் கிளம்பிவிட்டால், அன்றைக்கு ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில். இன்னொருவரும் விடுப்பு எடுத்துவிட்டால் பக்கத்து ஊர்ப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியரை மாற்றுப்பணியில் அனுப்புவார்கள். அப்போது அந்த ஊர்ப் பிள்ளைகள் அன்றைய பாடத்தை இழப்பார்கள்.

இப்படி ஒரு பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பொழுது எப்படிப் போகிறது என்று பாருங்கள். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பசியோடு வரும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவியை இந்தத் தலைமுறையில் எந்த அரசாணையும் செய்ததில்லை என்றே நினைக்கிறேன். சமைப்பது மகளிர் சுய உதவிக் குழுவினர். ஆனால் பள்ளி வளாகத்துக்குள் நடக்கும் எதுவும் தலைமையாசிரியரின் கண்ணுக்குத் தப்பக் கூடாது. உப்புமாவை முதலில் வாயில் போட்டுப் பார்ப்பதிலிருந்து அவருடைய நாள் தொடங்குகிறது. பிறகு இறைவணக்கம். அதன்பின் கைப்பேசியை எடுத்துச் செயலியில் வருகைப் பதிவு. சிக்னல் இல்லாத மலைக் கிராமம் என்றால் மேட்டுக்கு ஏறிப் போக வேண்டும். பத்து மணிக்குள் வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கும்: இன்று பிற்பகலுக்குள் இந்தப் படிவத்தை நிரப்பி அனுப்பவும், மிக அவசரம். ஆதார் எண் இணைக்காத பிள்ளைகள் எத்தனை பேர், வங்கிக் கணக்கு இல்லாதவர்கள் எத்தனை பேர், காலணி அளவு என்ன, கழிப்பறைக் கதவு எத்தனை பழுது. இவற்றில் பாதி போன மாதமே கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸில் ஏற்றியதாக இருக்கும். இருந்தாலும் திரும்ப அனுப்பியாக வேண்டும்.

இதற்கு நடுவே சேர்க்கைப் பதிவேடு, சத்துணவுப் பதிவேடு, இருப்புப் பதிவேடு, கேஷ் புக், விலையில்லாப் பொருட்கள் வழங்கிய பதிவேடு. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வாசலில் நிற்கும் அப்பா. தண்ணீர்த் தொட்டியில் மோட்டார் ஓடவில்லை என்று வரும் ஆயா. இத்தனைக்கும் இடையில் நான்காம் வகுப்புக் கழித்தல் கணக்கு கரும்பலகையில் பாதியில் நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் இணைப்பு அட்டவணை, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. 150 பிள்ளைகளைத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியரோடு தனியாக ஒரு தலைமையாசிரியர். ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 100 பிள்ளைகளைத் தாண்டினால் முழுநேரத் தலைமையாசிரியர். அதற்குக் கீழே உள்ள பள்ளிகளுக்கும் நிர்வாகம் உண்டு என்பதை அந்த அட்டவணை எங்கேயும் கணக்கில் எடுக்கவில்லை. 40 பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும் அதே பதிவேடுகள், அதே செயலி, அதே தணிக்கை. எண்ணிக்கை குறைந்ததால் ஒரு காகிதம்கூடக் குறையாது.

அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் இந்த மூன்றைத் தவிர வேறெந்தக் கல்வி சாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல பிரிவு. ஆனால் அந்த மூன்றுமே சிறிய வேலைகள் அல்ல. 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, வாக்குச்சாவடி நிலை அலுவலர்களாக ஆசிரியர்கள் பலர் வீடு வீடாகப் படிவத்தோடு நடந்தார்கள். அரையாண்டுத் தேர்வு நெருங்கும் மாதம் அது. வகுப்பில் ஆளில்லாத பள்ளியைச் சமாளிக்க வேண்டியவர் மறுபடியும் தலைமையாசிரியர்தான்.

ஒரே இரவில் நிர்வாகி

உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் கதை வேறு. அங்கே தலைமையாசிரியர் முழுநேரப் பதவி. ஆனால் அந்தப் பதவிக்கு வருகிற வழி வினோதமானது. இருபது, இருபத்தைந்து வருடம் வேதியியலோ வரலாறோ நடத்திய ஒருவர், பணிமூப்புப் பட்டியலில் தன் எண் வந்ததும் கலந்தாய்வுக்குப் போகிறார், திரையில் காலியிடங்களைப் பார்த்து ஓர் ஊரைத் தேர்ந்தெடுக்கிறார், ஆணையை வாங்குகிறார். சில நாட்களில் ஆயிரம் பிள்ளைகளும் நாற்பது ஆசிரியர்களும் உள்ள ஒரு நிறுவனத்துக்குப் பொறுப்பேற்கிறார். அதுவரை அவர் ஒரு சம்பளப் பட்டியல் போட்டதில்லை. ஒரு விசாரணை நடத்தியதில்லை. கருவூலத்துக்கு ஒரு பில் அனுப்பியதில்லை. வேதியியல் நடத்திய அனுபவம்தான் அவருடைய முக்கியத் தகுதி. பள்ளியை நடத்துவது தனித் தொழில் என்பதைக் கல்வித் துறை முழு மனதோடு இன்னும் ஏற்கவில்லை. பயிற்சிகள் இல்லாமல் இல்லை. ஆனால் பெரும்பாலானவை பொறுப்பேற்ற பிறகு வருகின்றன. நாற்காலியில் உட்காரும் முன் ஒரு மூத்த தலைமையாசிரியரோடு ஒரு பருவம் கூடவே இருந்து கற்கும் வாய்ப்பு யாருக்கும் கிடைப்பதில்லை.

இளநிலை உதவியாளர் பணியிடம் காலியாக இருக்கும் பள்ளி என்றால் நிலைமை இன்னும் மோசம். மாத இறுதியில் சம்பளப் பட்டியல் ஆன்லைனில் ஏற வேண்டும். ஒருவருடைய ஊக்க ஊதியத்தில் ஒரு தவறு நேர்ந்தால் நாற்பது பேரின் கோபமும் ஓர் அறையில் வந்து நிற்கும். எனவே கம்ப்யூட்டர் தெரிந்த ஓர் ஆசிரியரை அலுவலகத்தில் உட்காரவைப்பார்கள். அவருடைய பாடவேளைகளில் பிள்ளைகள் சும்மா இருப்பார்கள். கேட்டால் ஒரே பதில்தான் வரும்: வேறு வழியில்லை.

இத்தனைக்கும், தன் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை தலைமையாசிரியருக்கு இல்லை. இடமாற்ற உரிமை இல்லை. வகுப்புக்கே போகாத ஆசிரியர் ஒருவர் இருந்தால் அவரிடம் எழுத்துப்பூர்வமாக விளக்கம் கேட்கலாம். மேலே புகார் அனுப்பலாம். 17(அ), 17(ஆ) என்று ஊழியர்கள் அஞ்சும் ஒழுங்கு நடவடிக்கையெல்லாம் மேலதிகாரி கையில். தற்செயல் விடுப்பை அனுமதிப்பது போன்ற சிறு அதிகாரங்களே தலைமையாசிரியரிடம் எஞ்சியிருக்கின்றன. இந்த நிலையில் ஒரு பள்ளியை நகர்த்துவது முழுக்க முழுக்க மனிதரைச் சார்ந்தது. அதிகாலைச் சிறப்பு வகுப்புக்குத் தானே முதல் ஆளாக வந்து நின்று, நல்ல ஆசிரியரை நாலு பேர் நடுவில் பாராட்டி, சோர்ந்த ஆசிரியரைத் தனியே உட்காரவைத்துப் பேசி வேலை வாங்குபவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களால்தான் அரசுப் பள்ளிகள் நிற்கின்றன. ஆனால் அப்படிப்பட்ட ஒருவர் மாறுதலாகிப் போனதும் பள்ளி பழையபடி சரிந்துவிடுகிறது. ஒரு தனி மனிதரின் பொறுமையை நம்பி ஓர் அரசுத் துறை இயங்கக் கூடாது.

ஆசிரியர் பற்றாக்குறையையும் தலைமையாசிரியரே தீர்க்க வேண்டியிருக்கிறது. 2022-ல் 13,331 தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் எடுத்துக்கொள்ள அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. பி.எட்., முதுகலை என்று படித்து முடித்த ஒருவரை அந்தச் சம்பளத்துக்கு வரச்சொல்லிக் கேட்கும் சங்கடம் தலைமையாசிரியருக்கு.

சுவர் இடிந்தால்

2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுவதும் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடித்தார்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 பிள்ளைகள் தீயில் கருகியதற்குப் பிறகு ஓலைக் கூரைகளைப் பள்ளிகளிலிருந்து அகற்றியதுபோல, இதுவும் செத்த பிள்ளைகளின் பேரில் நடந்த சீர்திருத்தம். இரண்டிலும் தலைமையாசிரியர்களுக்கு ஒரு பாடம் இருந்தது: கட்டடம் விழுந்தாலும் எரிந்தாலும் முதலில் போலீஸ் தேடுவது பள்ளிப் பொறுப்பில் இருப்பவர்களை.

ஆனால் அரசுத் தொடக்கப் பள்ளிக் கட்டடத்தைப் பராமரிப்பது ஊராட்சி ஒன்றியம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிக் கட்டடத்துக்குப் பொதுப்பணித் துறை. விரிசல் விட்ட சுவரைப் பார்த்துத் தலைமையாசிரியர் செய்யக்கூடியது, கடிதம் எழுதுவதும் அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் கயிறு கட்டுவதும்தான். பொறியாளர் வந்து பார்த்து, மதிப்பீடு போட்டு, நிதி வந்து இடிக்கும் வரை அந்தக் கயிறுதான் பாதுகாப்பு. அதனால் தலைமையாசிரியர்கள் பலரும் தாங்கள் எழுதிய கடிதங்களின் நகலைத் தனிக் கோப்பில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் காப்பாற்ற எழுதிய கடிதம், தன்னைக் காப்பாற்றும் கடிதமாகவும் ஆகிவிட்டது. இது அவர்களின் குற்றமில்லை.

சின்னச் சின்னப் பழுதுகளுக்கான பணம் பள்ளி மானியம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 100 வரை 25,000. 250 வரை 50,000. 1,000 வரை 75,000. அதற்கு மேல் ஒரு லட்சம். சிறிய பள்ளிக்கு மாதம் ஆயிரம் ரூபாய்கூட வராது. அதில் சாக்பீஸ், துடைப்பம், பினாயில், குழாய் மாற்றுவது, பூட்டு வாங்குவது எல்லாம் அடக்கம். பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கென்று ஒதுக்கவும் வேண்டும். 2024-25-ல் அந்தத் திட்டத்தில் தமிழகத்துக்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது, தன் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் மாநிலம் சேராததைக் காரணமாகச் சொன்னது. மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான அந்த வழக்கில் எந்தப் பக்கம் நியாயம் என்று பேசுவதற்கு ஆட்கள் நிறைய உண்டு. தன் பையிலிருந்து பணம் போட்டுக் குழாயை மாற்றும் தலைமையாசிரியரைப் பற்றிப் பேசுவதற்குத்தான் ஆளில்லை.

கட்டடங்களின் ஆபத்தைவிடக் கனமான பொறுப்பு இன்னொன்று. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைப் பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 21-ஆம் பிரிவு, தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை என்கிறது. இந்தப் பிரிவு கடுமையாகவே இருக்க வேண்டும். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று மூடிமறைத்த காலம் போக வேண்டும். ஆனால் ஒரு பிள்ளை நடுங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது எப்படிக் கேட்பது, எதைக் கேட்கக் கூடாது, யாரை உடன் வைத்துக்கொள்வது என்பதெல்லாம் நுணுக்கமான திறமை. ஒரு சுற்றறிக்கையைப் படித்துக் கையெழுத்திட்டால் வந்துவிடாது.

ஊரும் பள்ளியும்

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுக்க அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் கைக்கயிறும் நெற்றிப் பொட்டும் பள்ளிக்குள் கூடாது. மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், கல்வி அலுவலர்கள் அந்தப் பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. 500 பிள்ளைகளுக்கு மேல் உள்ள பள்ளியில் நல அலுவலர் ஒருவர் வேண்டும் என்றெல்லாம் அந்த அறிக்கை சொன்னது. எதிர்ப்பும் ஆதரவும் கிளம்பின. கயிற்றைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அறிக்கையின் உயிர் எனக்குத் தலைமையாசிரியரைப் பற்றிய வரியில் இருப்பதாகப் படுகிறது. பள்ளிக்குள் சாதி நுழைவதும் வெளியே நிற்பதும் அந்த ஓர் அறையில் தீர்மானமாகிறது என்பதை வெளிப்படையாக ஒத்துக்கொண்ட வரி அது.

எந்தப் பிள்ளை எங்கே உட்காருகிறது, விளையாட்டு அணிக்கு யார் தலைவர், குடிநீர்ப் பானையிலிருந்து யார் மொள்ளுகிறார், வகுப்பறையை யார் பெருக்குகிறார் என்பதையெல்லாம் தினமும் பார்ப்பவர் அவர் ஒருவரே. பட்டியல் சாதிப் பெண் சமைத்தார் என்பதற்காக 2023-ல் கரூர், தூத்துக்குடி மாவட்டங்களில் சில பெற்றோர் காலை உணவைத் தம் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் தடுத்தார்கள். ஆட்சியரும் அரசியல் தலைவர்களும் நேரில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டு நிலைமையை மாற்றினார்கள். அவர்கள் போன பிறகு மறுநாள், அதற்கடுத்த நாள், ஊர்ப் பெரியவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதே சமையலைத் தொடர வைப்பது தலைமையாசிரியரின் வேலை. அவர் அதே ஊரில் வாடகை வீட்டில் இருப்பவராகவும் இருக்கலாம்.

வயதுக்கு வந்ததும் வகுப்புக்கு வராமல் போகும் பெண் பிள்ளையைத் தேடிப் போகிறவரும் அவர்தான். நிச்சயதார்த்தம் என்று காதில் விழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்ல வேண்டும். சொன்னவர் யார் என்பது ஊருக்குத் தெரிந்துவிடும் என்றாலும் சொல்ல வேண்டும். இப்படித் தடுத்து நிறுத்திய கல்யாணங்களை எந்தப் பதிவேட்டிலும் எழுத இடமில்லை. தேர்ச்சி விழுக்காட்டை எழுத மட்டும்தான் இடமுள்ளது.

தேர்ச்சி விழுக்காட்டைச் சொன்னதும் மாவட்ட ஆய்வுக் கூட்டம் நினைவுக்கு வரும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிவு வந்த கையோடு நடக்கும் கூட்டம். விழுக்காடு குறைந்த பள்ளியின் தலைமையாசிரியரை எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிற்கவைத்துக் கேட்பது நெடுநாள் வழக்கம் என்று ஓய்வுபெற்றவர்கள் மனம் கசந்து சொல்வார்கள். ஐம்பத்தைந்து வயதில் சக ஊழியர்கள் முன்னால் தலைகுனிந்து நின்றவர் மறுநாள் பள்ளிக்கு வந்து என்ன செய்வார்? ஆசிரியர்களை நிற்கவைப்பார். ஆசிரியர்கள் 'மெல்லக் கற்போர்' என்று பெயரிட்ட பிள்ளைகளை நிற்கவைப்பார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாமல் வந்த பிள்ளை அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. 2017-ல் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தினார்கள். 2025-ல் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் எடுத்தார்கள். பிள்ளைகள் மீதிருந்த அழுத்தம் சற்றுத் தளர்ந்தது. தலைமையாசிரியர் மீதிருக்கும் அழுத்தத்தைத் தளர்த்த ஒரு சுற்றறிக்கையும் வரவில்லை.

நிரப்பிய படிவம் என்ன செய்தது

இத்தனை அறிக்கைகளும் பள்ளியை மேம்படுத்துகின்றனவா? இதற்கு நல்ல பதில் ஒன்று மத்தியப் பிரதேசத்திலிருந்து வந்தது. அங்கே பள்ளிகளை மதிப்பிட்டு, தரவரிசை கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்து, அதை மேற்பார்வை செய்யும் பெரிய திட்டம் நடந்தது. பொருளியலாளர்கள் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் சோதனை முறையில் அதை ஆராய்ந்து 2020-ல் முடிவை வெளியிட்டார்கள். மதிப்பீடுகள் ஒழுங்காக நடந்தன. திட்டங்கள் எழுதப்பட்டன. ஆனால் பள்ளி நடக்கும் விதத்திலோ, ஆசிரியர் கற்பிக்கும் முறையிலோ, பிள்ளைகள் கற்றதிலோ மாற்றம் எதுவும் இல்லை. இருந்தும் இந்தத் திட்டத்தின் மாதிரி நாடு முழுவதும் லட்சக்கணக்கான பள்ளிகளுக்கு விரிவடையவும் செய்தது. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்ததால் வெற்றி என்று தோன்றியது. தலைமையாசிரியரின் நேரத்தை வாங்கிக்கொண்டு படிவத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு, 1950-களின் பிற்பகுதியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். பள்ளிக்கு எது தேவையோ அதை ஊரே தந்தது: பெஞ்சு, கரும்பலகை, மணி, நிலம், சீருடை. அந்த மாநாட்டு மேடையில் தலைமையாசிரியர் ஊர்க்காரர்களின் எதிரே நின்று தன் பள்ளிக்கு வேண்டியதைக் கேட்டார். இன்றைக்குச் சட்டப்படி முக்கால் பங்கு பெற்றோர் உறுப்பினராக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவும், 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி'யும் அந்த மரபின் தொடர்ச்சி. ஆனால் பெற்றோரைக் கூட்டி உட்காரவைத்துப் பேசத் தலைமையாசிரியருக்கு நேரம் வேண்டும். கூட்டம் நடந்ததற்கான புகைப்படத்தைச் செயலியில் ஏற்றுவதிலேயே அந்த நேரம் தீர்ந்துவிடுகிறது.

நிலைமை இன்னும் கடினமாகப் போகிறது. 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஒன்று முதல் எட்டு வரை கற்பிக்கும் ஆசிரியர்களில் ஐந்தாண்டுக்கு மேல் பணிக்காலம் மீதமுள்ளவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்றும், ஐந்தாண்டுக்குள் ஓய்வுபெறுபவர்களும் பதவி உயர்வு வேண்டுமானால் தேர்ச்சி பெற வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கற்பிப்பவரின் தகுதியை உறுதிசெய்ய வேண்டும் என்ற நோக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் பதவி உயர்வு நின்றுபோகும் இடங்களில் 'பொறுப்புத் தலைமையாசிரியர்'தான் பள்ளியைப் பார்க்க வேண்டியிருக்கும். பொறுப்பு என்றால் தன் பாடவேளையும் போகாது, தலைமையாசிரியரின் கோப்பும் போகாது. நிரந்தரம் இல்லாதவர் என்பதால் ஆசிரியர்களும் அவரிடம் முழுதாகக் கட்டுப்படுவதில்லை.

முதலில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: தொடக்கப் பள்ளிகளுக்கு எழுத்தர் வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களுக்கு வந்த நிர்வாகி-பயிற்றுநர்களிடம் நடுநிலைப் பள்ளிகளின் எமிஸ் வேலையில் ஒரு பகுதியை ஒப்படைத்தது நல்ல தொடக்கம். தொடக்கப் பள்ளிகளுக்கு அந்த ஆய்வகமும் இல்லை, ஆளும் இல்லை. பள்ளிக்கு ஒருவர் என்று கேட்டால் நிதித் துறை சம்மதிக்காது. குறுவள மையம் என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கிறது. அக்கம்பக்கத்து ஊர்களின் பள்ளிகளை ஒன்றாகக் கட்டும் மையம் அது. அங்கே ஓர் இளநிலை உதவியாளரை நியமித்து, அந்த வட்டத்துப் பள்ளிகளின் படிவம், பதிவேடு, வங்கி, கருவூல வேலைகளை அவரிடம் கொடுக்கலாம். ஒருமுறை தந்த தகவலை எந்த அலுவலகமும் இரண்டாம் முறை பள்ளியிடம் கேட்கக் கூடாது, எமிஸில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஓர் ஆணை போடலாம். கூட்டங்களை மாதத்தில் ஒரு குறிப்பிட்ட நாளின் பிற்பகலுக்கு நகர்த்தலாம். நூறு பிள்ளைகள் என்ற வரம்பைப் பாராமல் எல்லா நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியர் பொறுப்பிலிருந்து விடுவிக்கலாம். சட்டத்தின் அட்டவணை குறைந்தபட்ச அளவு. அதற்கு மேல் கொடுக்க மாநிலத்துக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். சத்துணவையும் காலை உணவையும் யாரும் கட்டாயப்படுத்தாமலே கொடுத்த மாநிலம் இது.